சக்கரம் வைத்த செடிக்கொட்டகை

மார்ச் 3

பட்டாசுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் உன் அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே. அவர் இருக்கிறார். முன்னறையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று எப்படி இருந்தாரோ அப்படியேதான். வலது கையும் வலது காலும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பேச்சுக்குக் குறையில்லை என்று டாக்டர் சொல்கிறார். பேசினால்தானே தெரியும்? "ம்", "வேணாம்", "போதும்". இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் குடும்பம் நடத்துகிறார்.

நான் நலம் விசாரிக்க எழுதவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், நர்ஸ்கள் முன்னால், "உங்களுக்கு என் அண்ணனைப் பாத்துக்கத் துப்பில்ல" என்று நீ சொன்னதை நான் மறக்கவும் இல்லை. உன் ஊர் வைத்திய விடுதிக்கு அவரை அனுப்ப மாட்டேன் என்று நான் உனக்கு வாசலைக் காட்டியதை நீயும் மறந்திருக்க மாட்டாய். அது ஒரு பக்கம் கிடக்கட்டும். இது தொழில் விஷயம்.

நீ கண்காட்சிகளுக்கு ஸ்டால் போடுகிறவள். ஒரே பகலில் நிறுத்தி, திருவிழா முடிந்த மாதிரி பிரித்து லாரியில் ஏற்றிவிடுகிற சாமான்களைச் செய்கிறவள். எனக்கு அப்படி ஒன்று வேண்டும். தோட்டத்தில் தொட்டிச் செடி வேலை பார்க்க ஒரு சின்னக் கொட்டகை. மண்ணில் குழி தோண்டக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வாடகை வீடு, வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாளைக்கு வீட்டைக் காலி செய்யச் சொன்னால் அதுவும் எங்களோடு வர வேண்டும். அதனால் சக்கரம் வேண்டும், பிரிக்கவும் வர வேண்டும்.

எதற்கு என்று கேட்பாய். பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். "பந்தை அமுக்கச் சொன்னா தூக்கிப் போடறாரு. அவருக்குப் பிடிச்ச வேலை எதுலயாவது கைய வெக்கச் சொல்லுங்க" என்றாள். வாரமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர், லீவு நாளெல்லாம் செடி என்று இருந்த மனிதருக்கு வேறென்ன பிடிக்கும்? ஆனால் சமையலறைக் கதவைத் தாண்டினால் மூன்று படி. அவருடைய பழைய மேசை மதில் ஓரத்தில், ஈர மண்ணுக்கு அந்தப் பக்கம். தூக்கிக்கொண்டு போகிறோம் என்றால், "நான் என்ன மூட்டையா?" என்றார். அந்த மூன்றைத் தாண்டி அவர் பேசியது அன்றைக்குத்தான்.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ "அண்ணி" என்று இழுக்கிற இழுப்பிலேயே எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். கடிதமென்றால் உறை தேடி, தபால்தலை ஒட்டுவதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடுகிறது.

முடியுமா முடியாதா என்று மட்டும் எழுது.

அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அண்ணி,

('அன்புள்ள' என்று எல்லா வாடிக்கையாளர்களுக்கும்தான் எழுதுவோம். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

முடியும்.

இப்போது பட்டறையில் பல் டாக்டர்கள் மாநாட்டுக்கு ஆளுயரப் பற்கள் செய்துகொண்டிருக்கிறோம். எங்கே திரும்பினாலும் பல். ஒரு கடைவாய்ப் பல்லின் மேல் காகிதத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இது முடிந்ததும் உங்கள் வேலையைக் கையில் எடுக்கிறேன். அதற்கு முன் எனக்கு அளவுகள் வேண்டும்.

சமையலறைக் கதவின் அகலம். வாசற்படியிலிருந்து மண் வரைக்கும் எத்தனை உயரம். ஒரு படியை அளந்து மூன்றால் பெருக்கி அனுப்பாதீர்கள். மூன்று படியை ஒரே உயரத்தில் கட்டிய கொத்தனார் இன்னும் பிறக்கவில்லை. மண் எந்தப் பக்கம் சரிகிறது, மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்குகிறது, காலை வெயில் எங்கே விழுகிறது. நாற்காலியின் அகலம், உட்கார்ந்தால் முழங்கால் உயரம்.

அண்ணன் சரியாகச் சாப்பிடுகிறானா? எடை தெரிந்தால்தான் தரைப்பலகையின் கனத்தைத் தீர்மானிக்க முடியும். அதற்காகத்தான் கேட்கிறேன்.

தூங்குகிறானா? இது எதற்கென்று காரணம் யோசித்துப் பார்த்தேன். தோன்றவில்லை. சும்மா எழுதுங்கள்.

இப்படிக்கு,
பட்டாசு


மார்ச் 14

பட்டாசுக்கு,

நீ கேட்ட அளவெல்லாம் தனித் தாளில் இருக்கிறது. கொத்தனார் விஷயத்தில் நீ சொன்னது சரி. நடுப்படி மற்ற இரண்டையும்விடக் குட்டை. இத்தனை வருஷம் ஏறி இறங்கியும் எனக்குத் தெரியவில்லை. கால் தானாகவே கணக்குப் போட்டிருக்கிறது.

அளக்கும்போது டேப் 'சர்ர்' என்று சுருண்ட சத்தம் முன்னறைக்குக் கேட்டுவிட்டது.

"என்ன?" என்றார்.

"கதவு இழுத்துப் பிடிக்குது. மாத்தலாமான்னு பாக்கறேன்" என்றேன்.

"ம்."

டிரைவிங் ஸ்கூலில் எத்தனை பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்திருப்பேன், பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை மரத்தில், எத்தனை மாட்டில் மோதாமல் தப்பித்திருப்பேன். அப்போதெல்லாம் வராத படபடப்பு இந்த ஒரு பொய்க்கு வந்தது. முன்னாலேயே சொன்னால் வேண்டாம் என்பார் என்றுதான் மறைக்கிறேன். கொண்டுவந்து நிறுத்திவிட்டால் என்ன செய்வார்?

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாய். போட்டதைச் சாப்பிடுகிறார். உப்புக் கூட, குறைய என்று ஒரு வார்த்தை கிடையாது. ஒரு நாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் வைத்துப் பார்த்தேன். அதையும் சாப்பிட்டார். சட்டை தோளில் தொங்குகிறது. தரைப்பலகையை நீ பழைய எடைக்கே போடு.

தூங்குகிறார். நான்தான் தூங்குவதில்லை.

அண்ணி


மார்ச் 22

அன்புள்ள அண்ணி,

வரைபடம் உள்ளே இருக்கிறது. கசங்காமல் பிரியுங்கள். எத்தனையோ கம்பெனிகளுக்கு ஸ்டால் வரைந்திருக்கிறேன். இதைப் போல ஒன்றை ஆசைப்பட்டு வரைந்ததில்லை.

முதலில் முக்கியமான சங்கதி. கொட்டகைக்கு அவனை இறக்க வேண்டியதே இல்லை. கொட்டகையின் தரை உங்கள் சமையலறைத் தரையின் மட்டத்தில் நிற்கும். கீழே பெரிய சக்கரம் நாலு. படிகளுக்கு மேலாகக் கொண்டுவந்து வாசற்படியோடு ஒட்டி நிறுத்திவிட்டால், அடுப்படியிலிருந்து நேராக உருட்டிக்கொண்டு உள்ளே போய்விடலாம். லிஃப்ட் வந்து மாடியில் நிற்கிற மாதிரி. ஆயுசு முழுக்க ஊரார் கால் தட்டாமல் இருக்க லிஃப்ட்டை மட்டம் பார்த்தவனுக்கு, ஒரு நாளாவது வாசல் தானாக வந்து மட்டமாக நிற்கட்டும்.

உள்ளே ஒரு மடக்கு மேசை. கீலில் இறங்கும், கொண்டி போட்டால் நிற்கும். அடியில் முழங்கால் தாராளமாக நுழையும். மேசை ஓரத்தில் மூன்று பக்கமும் வரம்பு, மண் மடியில் கொட்டாது. மண் தொட்டி வலது பக்கம், சாய்த்தால் வாய் திறக்கும். கரண்டி, கத்தரிக்கோல், பூவாளி மாட்டுகிற கொக்கிகள் எல்லாம் வலது சுவரில், அவன் கை சட்டென்று போகிற உயரத்தில். வெளிச்சம் இறங்குகிற கூரைத் தகடு. மழைத்தண்ணீர் ஓடிவந்து விழ ஒரு டிரம். ஜன்னல் மேல்நோக்கித் திறக்கும். திறந்தால் அதுவே நிழல்.

அப்புறம் உச்சியில் ஒரு காற்றாடி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று காட்டும். கதவில் ஒரு வெண்கல மணி. வெளிப்புறம் பச்சை, ஜன்னல் சட்டம் மஞ்சள். கனவில் கட்டுகிற வீட்டுக்குக் கஞ்சத்தனம் எதற்கு?

பாகங்கள் எல்லாம் போல்ட்டும் கொண்டியும்தான். நான் இரண்டு ஆட்களை வைத்து டீ ஆறுவதற்குள் பிரித்துவிடுவேன்.

பிடித்திருக்கிறதா? பிடிக்கவில்லை என்றாலும் கொஞ்சம் பதமாக எழுதுங்கள்.

பட்டாசு


மார்ச் 29

பட்டாசுக்கு,

பதமாக எழுதச் சொன்னாய். முயற்சி செய்கிறேன்.

தரை மட்ட யோசனையைப் படித்தபோது பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

மணி வேண்டாம். அவர் என்ன, பள்ளிக்கூடம் விடவா போகிறார்? காற்றாடி வேண்டாம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று கொடியில் காயும் துணி சொல்லும்.

அடுத்தது, உன் கொட்டகை சக்கரத்தின் மேல் நிற்கிறது. ஈர மண்ணில் நாலு சக்கரமும் ஒரே அளவு புதையும் என்று யார் சொன்னது? ஒன்று இறங்கினால் மேசையும் மண்ணும் ஆளும் ஒரு பக்கமாகச் சாய்வார்கள். நாலு மூலைக்கும் கார் ஜாக்கி போல ஒன்று வை. கொண்டுவந்து நிறுத்தியதும் சுற்றி ஏற்றிவிட்டால் பாரம் சக்கரத்தில் இருக்காது. கீழே அகலப் பலகை வை. பழைய ஜாக்கி எங்கள் ஸ்கூலில் கிடக்கிறது, அனுப்பட்டுமா?

எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு இது. நாற்காலி உள்ளே போய்விடும். திரும்புவது எங்கே? நீ கொடுத்திருக்கிற இடத்தில் நாற்காலி திரும்பாது. ரிவர்ஸில்தான் சமையலறைக்கு வர வேண்டும். பின்பக்கமாக வருவது யாருக்கும் பிடிக்காத வேலை. அதைச் சொல்லிக் கொடுத்தே என் தொண்டை போனது. ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டு இழுக்கச் சொல்வாரா? சொல்ல மாட்டார். உள்ளே போகவே மாட்டார்.

பச்சை வண்ணம் நன்றாக இருக்கிறது.

அண்ணி


ஏப்ரல் 4

அண்ணி,

ரிவர்ஸ்! எனக்கு உறைக்கவே இல்லை. ஸ்டால்களில் ஜனங்கள் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியே போவார்கள். அதையே செய்துவிட்டேன். எதிர்ச் சுவரிலும் ஒரு கதவு. அதைத் திறந்தால் சரிவாக ஒரு பலகை இறங்கித் தோட்டத்து நடைபாதையைத் தொடும். வேலை முடிந்தால் நேராகத் தோட்டத்துக்குள் போகலாம். ஒரு சுற்றுச் சுற்றி, மூச்சு வாங்கினால் அதே பலகையில் ஏறி, நேராக அடுப்படிக்கே வரலாம். எங்கேயும் பின்னால் வர வேண்டாம்.

ஜாக்கியை அனுப்புங்கள். மணியை எடுத்துவிட்டேன். காற்றாடி மட்டும் இருக்கட்டுமே? சின்னதுதான்.

பலகை வெட்ட ஆரம்பித்துவிட்டேன். பட்டறைத் தரையில் உங்கள் சமையலறைக் கதவைச் சுண்ணாம்பில் வரைந்து, நாற்காலி ஒன்றை உருட்டி உருட்டிப் பார்க்கிறேன். பட்டறை ஆட்கள் எனக்குக் கழன்றுவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள்.

பட்டாசு


ஏப்ரல் 11

பட்டாசுக்கு,

வேலையை நிறுத்திவிடு.

நான் ஸ்கூலுக்குப் போயிருந்தபோது உன் வரைபடத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார். சமையலறை அலமாரியில் டப்பாவுக்குப் பின்னால்தான் வைத்திருந்தேன். எப்படி எட்டினாரோ. நான் வந்தபோது அது அவர் மடியில் விரிந்திருந்தது.

பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"தங்கச்சி வரஞ்சு அனுப்பியிருக்கா. உங்களுக்குத்தான். நல்லாயிருக்குல்ல?" என்றேன்.

தாளைக் கவிழ்த்து என் கையில் கொடுத்தார். "இது எனக்கில்ல" என்றார்.

"உங்களுக்கில்லாம யாருக்கு? எனக்கா?"

"இது எனக்கில்ல. போதும்."

அதற்கப்புறம் ஒரு வார்த்தை இல்லை. 'ம்' கூட இல்லை. பயிற்சிப் பெண் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். மறைத்து வைத்தது தப்பா, செய்ய நினைத்ததே தப்பா, தெரியவில்லை. அவருக்கு இரக்கம் காட்டுகிறோம் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ. வற்புறுத்த எனக்குத் தெம்பில்லை.

உன் உழைப்பு வீணானதற்கு வருந்துகிறேன். இப்படிச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை என்று உனக்குத் தெரியும்.

அண்ணி


ஏப்ரல் 15

அண்ணி,

வெட்டிய பலகையை ஒட்ட முடியாது. சட்டம் நாலும் தயார். கூரை தயார். பட்டறை மூலையில் சாத்தி வைத்திருக்கிறேன். போகும்போதும் வரும்போதும் என் தோளை இடிக்கிறது.

'உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை' என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். நீங்கள் கேட்டிருக்க வேண்டும் அண்ணி. "ஏன் இல்ல?" என்று இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும். அவன் ஒரு வார்த்தை சொன்னதும் நீங்கள் வாயை மூடிக்கொள்வீர்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்பியிருக்க மாட்டேன். என்னை வாசலைப் பார்த்துப் போகச் சொன்ன அந்தக் குரல் எங்கே போனது?

எனக்கும் ரோஷம் உண்டு. போன் பண்ணவில்லை. போனை மூன்று தடவை கையில் எடுத்தேன், வைத்தேன். அவன் 'ம்' என்று சொல்வதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஜாக்கிகள் வந்து சேர்ந்தன. நன்றி.

பட்டாசு


ஏப்ரல் 20

பட்டாசுக்கு,

முதலில் இதைப் படித்துவிடு: உன் அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எலும்பு உடையவில்லை, தலையில் அடியில்லை, டாக்டர் தலை முதல் கால்வரை படமெடுத்துப் பார்த்துவிட்டார். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்று ஒரு மாணவி வண்டியைக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் இடித்துவிட்டாள். வகுப்பு பாதியில் நின்றது. அதனால் வழக்கத்துக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்தேன். முன்னறையில் ஆள் இல்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. சமையலறைக்குப் போனேன். தோட்டத்துக் கதவு விரியத் திறந்து கிடந்தது. வாசற்படியில் நாற்காலி மட்டும், காலியாக, ஒரு சக்கரம் வெளியே தொங்கிக்கொண்டு.

அந்த வாசற்படி வரை நான் எப்படி நடந்தேன் என்று கேட்காதே. எனக்குத் தெரியாது.

படிகளுக்குக் கீழே பார்த்தேன். அங்கே இல்லை. ஈர மண்ணில் ஏதோ இழுத்துப் போன தடம். அந்தத் தடம் மதில் ஓரம் வரை போயிருந்தது. அங்கே, மேசைக்கு அடியில், காலை நீட்டிப் போட்டு, சேற்றில் உட்கார்ந்திருந்தார். வேட்டி எல்லாம் சேறு, மூக்கெல்லாம் மண். இடது கையில் ஒரு பழைய தகரக் கரண்டி. பக்கத்தில் ஒரு தொட்டி, கன்னாபின்னாவென்று நிரப்பியிருந்தது. அதில் ஒரு நாற்று, குடித்துவிட்டு நிற்கிறவன் மாதிரி சாய்ந்து நின்றது.

நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்துவிட்டாள்.

"விழுந்தீங்களா? எங்க அடிபட்டுது? யாரக் கேட்டு எறங்குனீங்க?"

"விழல" என்றார். "உக்காந்து உக்காந்து எறங்குனேன்."

"எதுக்குங்க?"

கரண்டியைத் தூக்கிக் காட்டினார். "எடது கையால முடியுதான்னு பாத்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "அவ எல்லாத்தையும் வலது பக்கம் மாட்டியிருக்கா. கொக்கி வலது. மண்ணு வலது. கொண்டி வலது. அது பழைய ஆளுக்குப் போட்ட கொட்டக. எனக்கில்ல."

அப்படியே அந்தச் சேற்றில் நானும் உட்கார்ந்துவிட்டேன், பட்டாசு. படி உயரத்தை அளந்தேன். முழங்காலை அளந்தேன். ரிவர்ஸைப் பற்றி உனக்குப் பாடம் எடுத்தேன். தினமும் அந்த இடது கையில் டம்ளரைக் கொடுக்கிறவள் நான். எனக்கே தோன்றவில்லை. வேண்டாம் என்று சொன்னார் என்றல்லவா நினைத்துக்கொண்டேன்.

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"எடது கையால ஒண்ணுமே முடியலன்னா? கொட்டகைய மாத்தச் சொல்லிட்டு, சும்மா பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா? அதான் மொதல்ல பாத்துக்கலாம்னு."

பக்கத்து வீட்டு அம்மாவும் அவள் மகனும் வந்து தூக்கினார்கள். மூட்டை என்று அவர் சொல்லவில்லை. தொட்டியை மட்டும் விடவில்லை. மடியில் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்தார். படமெடுக்கிற அறையில், "சார், அதை வெளிய வெச்சிட்டு வாங்க" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

டாக்டர் வெளியே வந்து, "ஒண்ணும் இல்லம்மா" என்று சொன்ன பிறகு, அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன். அதே வராந்தாதான். நீ இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

பலகை இன்னும் மூலையில்தானே இருக்கிறது?

அண்ணி


ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தைப் பட்டறை வாசலில் நின்று படித்தேன். 'காலியாக' என்ற வரிக்கு வந்ததும், முதலிலேயே 'ஒன்றும் ஆகவில்லை' என்று எழுதியிருந்தீர்களே, அங்கே மறுபடி ஒரு தடவை போய்ப் படித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்கு வந்தேன். நீங்கள் நல்ல வாத்தியார். பிரேக் எங்கே இருக்கிறதென்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறீர்கள்.

பழைய ஆளுக்கு. ஆமாம். நான் வரைந்தபோது கண்ணுக்குள் இருந்தது லிஃப்ட் கூரை மேல் ஏறி நின்று வலது கையால் ஸ்பேனரைச் சுழற்றுகிற அண்ணன்தான். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவனை நான் கண்கொண்டு பார்க்கவே இல்லை. உங்களோடு சண்டை போடுவதில் மும்முரமாக இருந்தேன்.

எல்லாவற்றையும் இடம் மாற்றிவிட்டேன். மண் தொட்டி இடது. கொக்கி இடது. கொண்டிகளை எல்லாம் கழற்றி, ஒரு விரலால் தள்ளித் திறக்கிற மாதிரி போட்டிருக்கிறேன். தொட்டியைப் பிடிக்க இன்னொரு கை வேண்டுமே என்று யோசித்து, மேசையில் வட்டமாக மூன்று பள்ளம் வெட்டினேன். தொட்டியை அதில் இறக்கினால் ஆடாது, அசையாது. வலது கைக்கு மேசை ஓரத்தில் மெத்தை தைத்த ஒரு இடம். வேலை செய்யாவிட்டால் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

இதைச் செய்யும்போது என் வலது கையை இடுப்பில் கட்டிக்கொண்டு, இடது கையால் மட்டும் ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பார்த்தேன். ஒரு பூவாளியைக் கொக்கியில் மாட்டுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவன் சேற்றில் இறங்கி ஒரு தொட்டியை நிரப்பியிருக்கிறான்.

லாரியோடு நானும் வருகிறேன். இது தொழில் விஷயமில்லை. வாசலைக் காட்ட மாட்டீர்களே?

பட்டாசு


மே 19

அன்புள்ள அண்ணி,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ரயிலில் எதிர் சீட்டுக்காரர், "என்னம்மா, தனியா சிரிக்கிறீங்க?" என்றார். கொட்டகையைப் பற்றி அவர் இறங்குகிற ஊர் வரைக்கும் சொன்னேன். பாவம், அவர் இறங்க வேண்டிய ஊருக்கு முந்தின ஊரிலேயே இறங்கிவிட்டாரோ என்று சந்தேகம்.

கண்ணை மூடினால் ஒன்றுதான் வருகிறது. ஜாக்கியைச் சுற்றி ஏற்றி, ரசமட்டத்தை வைத்துத் தரை மட்டமா என்று பார்த்துவிட்டு, நீங்கள் கையைத் தூக்கி, "வரலாம்... வரலாம்..." என்று லாரிக்குச் சொல்கிற மாதிரி அவனுக்குச் சொன்னீர்களே, அது. அவன் வாசற்படியில் நிறுத்தி, குனிந்து, இரண்டு தரையும் சேருகிற இடத்தை இடது கை விரலால் தடவிப் பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "ஒரு நூல் ஏறியிருக்கு" என்றான். அரைக்கால் அங்குலம்!

அத்தனை கைதட்டலும் எனக்கு அதுதான் அண்ணி. இரண்டு பேரும் விழுந்தடித்துக்கொண்டு ஜாக்கியைத் திருப்பினோமே! அப்புறம் உருட்டிக்கொண்டு உள்ளே போனான். சக்கரம் தட்டவே இல்லை.

நீங்கள் என்னை முன்னறையில் படுக்க வைத்து, போர்வையைக் கால் வரைக்கும் இழுத்துவிட்டுப் போனதை நான் தூங்குகிற மாதிரி பாவனை செய்துகொண்டு பார்த்தேன். சொல்லக் கூடாதென்றுதான் நினைத்தேன்.

காற்றாடியை எடுத்துவிடாதீர்கள்.

பட்டாசு


ஜூன் 2

அன்புள்ள பட்டாசு,

வீட்டுக்காரர் வந்திருந்தார். தோட்டத்தில் ஏதோ கட்டியிருக்கிறோம் என்று யாரோ வத்தி வைத்திருக்கிறார்கள். சத்தம் போட்டுக்கொண்டே பின்பக்கம் வந்தார். உன் அண்ணன் உள்ளே நாற்றுக்கு மண் போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கட்டடம் இல்லீங்க, வண்டி. வேணும்னா கீழ குனிஞ்சு சக்கரத்தப் பாருங்க" என்றார். மனிதர் நிஜமாகவே குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்து, சுற்றி ஒரு நடை வந்து, "எங்க வீட்டம்மாவுக்கு இந்த மாதிரி ஒண்ணு செஞ்சு தருவாங்களா?" என்று கேட்டார். உன் விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு மணியும் சேர்த்து விற்றுவிடு.

காலையில் எழுந்ததும் ஆள் அங்கே போய்விடுகிறார். பயிற்சிப் பெண்ணும் அங்கேயேதான் வருகிறாள். ரப்பர் பந்துக்குப் பதில் ஈர மண்ணை உருண்டை பிடிக்கச் சொல்கிறாள். வலது கை விரல்கள் இரண்டு கொஞ்சம் மடங்குகின்றன. கொஞ்சம்தான். அதைப் பெரிதாகப் பேசக் கூடாதென்று எனக்கும் அவளுக்கும் ஒப்பந்தம்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலை அவருக்கு முன்னால் எழுந்து நாற்றுகளுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றினேன். உதவியாக இருக்கட்டும் என்றுதான். அவர் வந்து பார்த்தார். ஒவ்வொரு தொட்டியாக விரலை விட்டுப் பார்த்தார். அப்புறம் ஆரம்பித்தார் பார்.

"யார் ஊத்தச் சொன்னது? இது என்ன நாத்தா, எருமையா, குளிப்பாட்டறதுக்கு? வேர் அழுகாதா? எத்தன வருஷமா சொல்றேன், தொட்டுப் பாத்துட்டு ஊத்துன்னு! நேத்து சாப்பாட்டுலயும் இப்படித்தான், உப்பு அள்ளிக் கொட்டியிருக்க!"

முழுசாகத் திட்டினார். மூச்சு விடாமல் திட்டினார். நான் பூவாளியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ பரிசு வாங்குகிறவள் மாதிரி நின்றேன். கொஞ்ச நேரம்தான். அப்புறம் எனக்கும் ஏறியது. "உப்பக் கொட்டுனா நேத்தே சொல்லணும். தட்ட வழிச்சுச் சாப்பிட்டுட்டு இன்னிக்கு என்ன பேச்சு?" என்றேன். "சொன்னா மட்டும் கேட்டுடுவியா?" என்றார். "மரியாதையா சொன்னா கேப்பேன்" என்றேன். குரல் ஏறிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டு அம்மா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். எங்கள் சண்டை தெருவுக்குக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது! அவள் சிரித்துக்கொண்டே தலையை இழுத்துக்கொண்டாள்.

நடுவில் உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது, உள்ளே வந்துவிட்டேன். அவர் அங்கிருந்து இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார், சரியாகக் கேட்கவில்லை. பதில் சொல்லாமல் விட்டால் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

அண்ணி